மூலையில் ஒரு சிவப்பு

நீங்கள் பொய்யர், ஐயா. உங்கள் அம்மா கையால் கொடுத்த படத்தை அண்ணை திருடினார் என்றீர்கள்.

அது பென்சிலால் கீறிய சிறிய தாள். ஒரு பெண் குனிந்து பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டுகிறாள். பேர்பெற்ற இம்பிரெஷனிஸ்ட் ஓவியர்களில் ஒரு பெண், பெரிய ஓவியத்துக்கு முன் வரைந்து பார்த்தது அது என்று உங்கள் அம்மா சொல்வார். நாங்கள் அவரை மேடம் என்போம். படத்தில் குனிந்த பெண்ணின் கை மூன்று இடத்தில் இருக்கும், எதையும் அழிக்கவில்லை. "பாவம், பயந்து பயந்து கீறியிருக்கிறா," என்றார் அண்ணை. நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் மேடம் சிரித்தார். "பயமில்லை, தேடியிருக்கிறாள்."

அண்ணை எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. லா ஷப்பல் பக்கம் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் தங்க வதிவிட காட் இல்லை. நடக்க முடியாத மேடத்தை அவர் பார்த்துக்கொண்டார். நான் வீடு துடைக்கப் போவேன். ஒரு பிற்பகல் மேடம் அந்தத் தாளை அட்டைக்குள் இருந்து எடுத்து அண்ணையிடம் கொடுத்தார். எங்கள் ஆட்கள் புதுச் சைக்கிள் வாங்கினாலும் பொட்டு வைப்பார்கள். அண்ணையும் பர்சில் இருந்த கோயில் குங்குமத்தைத் தொட்டு, கும்பிட்டு, தாளின் மூலையிலேயே வைத்துவிட்டார். அங்கே நின்ற நீங்கள் பதறிக் கத்தினீர்கள். "அது இனி அவருடையது," என்றார் மேடம்.

மேடம் இறந்ததும் அண்ணைக்குப் போன் எடுத்தீர்கள். படம் வராவிட்டால் போலீஸ் வரும் என்றீர்கள். அன்றிலிருந்து பகலிலும் திரையை இழுத்து மூடி இருந்தோம். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அண்ணை அடுப்பை அணைத்துவிடுவார். சோறு பாதி வெந்தபடி கிடக்கும்.

"மேடம் தந்ததை நான் பாத்தனான் அண்ணை. போலீசில வந்து சொல்லுறன்."

"உனக்கென்ன விசரே? சாட்சி சொல்லப் போனா உன்னையும் சேத்து ஏத்திவிடுவாங்கள். ஒரே பிளேனில பக்கத்துப் பக்கத்துச் சீட்." சிரிக்கப் பார்த்தார்.

படத்தைத் தானே கொண்டுவந்து உங்களிடம் தந்தார். அப்படியும் பயம் போகவில்லை. லண்டனுக்கு லொறியில் ஒளிந்து போகிறேன் என்று ஒரு பையோடு புறப்பட்டார். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

இப்போது என்னிடம் காட் இருக்கிறது. ஆனாலும் போன கிழமை, நீங்கள் படத்தை விற்கக் கொடுத்த விற்பனைக் கூடத்துக்குள் நுழையுமுன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மூன்று கைகளும் அப்படியே இருந்தன. மூலையில் மங்கிய சிவப்பு. கீழே எழுதியிருந்தார்கள்: ஓவியர் நிறம் பார்க்க இட்ட புள்ளியாம்.

அது அண்ணையின் விரல், ஐயா. களவெடுத்தவன் சொந்தக்காரர் கண் முன்னால் பொட்டு வைப்பானா? படத்தை விற்கும் முன், அதன் பக்கத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: அந்தச் சிவப்பை வைத்தது யார்?