லேகியத் தூக்கோடு முதல் விமானம்

போன மாதம் எங்கள் மகள் கவிதாவுக்கு ஹைதராபாத்தில் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம்; முறைப்படி புதுச்சேரிக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், குழந்தையும் மூன்று வாரம் முந்திக்கொண்டது. பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று என் மனைவி மல்லிகா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பிறகு எழுந்து சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டு, பிரசவ லேகியம் கிளறினாள். ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய. "இதையாச்சும் என் கையால குடுக்கணும்" என்றாள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் விமானம். இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். வாழ்க்கையில் பாதி பஸ்ஸில் கழிந்தது. பஸ்ஸில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: முக்கியமான சாமான் மடியில், மற்றது எங்கே கிடந்தால் என்ன! அதே மேதாவித்தனத்தோடு மூட்டை கட்டினேன். துணிமணி, குழந்தைக்குக் கிழித்த பழைய வேட்டித் துணி, பவர் பேங்க் எல்லாம் பெரிய பெட்டிக்குள். லேகியத் தூக்கு மல்லிகாவின் மடிக்கு. இதைப் படிக்கிற நீங்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையம் நாலு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். மூன்றேகால் மணி விமானத்துக்குப் பன்னிரண்டரைக்கே மல்லிகா கிளப்பிவிட்டாள். ஆட்டோக்காரர் சிரித்தார். "அங்க போயி கொட்டாவி வுட்டுக்கினு ஒக்காந்திருக்கணும் சார், பரவால்லியா?"

"அது இன்னா பஸ்ஸா, பின்னாடியே ஓடித் தொத்திக்க?" என்றாள் மல்லிகா. அவள் சொன்னதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். டிக்கெட் போனில் இருந்தால் போதும். அட்டையை அசலாகவே வைத்திருங்கள். அடுத்து கவுண்ட்டர். எங்கள் டிக்கெட்டுக்கு ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டியில், ஏழு கிலோ கையில். "பெட்டியில பவர் பேங்க் இருக்குங்களா சார்?" என்று அங்கிருந்த பெண் கேட்டார். இருக்கிறது என்றேன். அது கையில்தான் வர வேண்டுமாம். நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து குடைந்து எடுத்தேன். எங்கள் வீட்டுத் துணிமணியை வரிசையே பார்த்தது.

பாதுகாப்புச் சோதனைக்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் இன்னொரு பக்கம் திரை மறைவில். போன், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் போடச் சொல்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அங்கேதான் தூக்கை நிறுத்தினார்கள். அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். மருந்து என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். இப்படிக் குழைவாக உள்ள பொருளை இவ்வளவு பெரிய பாத்திரத்தில் கையில் கொண்டுபோகக் கூடாது என்று பக்கத்தில் நின்ற இன்னொருவர் தமிழில் விளக்கினார்.

திரைக்குள்ளிருந்து மல்லிகா வந்துவிட்டாள். "பச்ச ஒடம்புக்காரிக்கு மருந்துன்னு சொல்லுங்க. சந்தேகம்னா நானே தின்னு காட்டுறேன்." சொன்னதோடு நிற்காமல் ஒரு விரல் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதிகாரி சிரித்தார். ஆனால் தலை அசையவில்லை.

"அப்போ நான் வரல. நீங்க மட்டும் போயி புள்ளைய பாத்துட்டு வாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் வை என்று சொன்னவன் நான்தானே!

"நேரம் இருக்கு சார், கவுண்ட்டர்ல குடுத்து சாமானோட போட்டுடுங்க" என்றார் தமிழ் பேசியவர். திரும்பி ஓடினோம்.

"உங்க பெட்டி உள்ள போயிடுச்சு சார். எடை இன்னும் பாக்கி இருக்கு, வேற பை இருந்தா போடலாம். வெறுந்தூக்கா எடுக்க மாட்டோம்" என்றார் கவுண்ட்டர் பெண். என் தோள்பையைக் கவிழ்த்தேன். பிரஷர் மாத்திரையும் சட்டையும் பாலிதீன் கவருக்குப் போயின. பேரனைத் தூக்கும்போது கட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைத் தூக்கின் மேல் சுற்ற ஆரம்பித்தாள் மல்லிகா.

"அடியே, அது புது வேட்டி!"

"ஊத்துனா தொவைச்சிக்கலாம்."

கவுண்ட்டர் பெண் மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தந்தார். "கொட்டாது இல்லம்மா?" என்று மல்லிகா கேட்டாள். "நேரா வெப்பாங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. இன்னும் ரெண்டு சுத்து சுத்திடலாம்" என்றார் அவர். பை உருண்டு உள்ளே போவதையே மல்லிகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகும். மல்லிகா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. எப்போதும் எதையாவது இறுக்கிப் பிடித்திருக்கும் கைக்கு வேலையில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல். "அது நமக்கு நேர் கீழ இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்றேன்.

ஹைதராபாத்தில் சாமான் சுற்றிவரும் பட்டையில் பெட்டி முதலில் வந்தது. தோள்பை ரொம்ப நேரம் வரவில்லை. வந்ததும் அங்கேயே பிரித்தாள். வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நெய்க்கறை. லேகியம் அப்படியே இருந்தது. கவிதாவுக்குச் சாயங்காலமே கோலி அளவு உருட்டிக் கொடுத்தாள். "ம்மா, காரம்மா!" என்று கவிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மல்லிகாவுக்கும் வந்தது. நான் பேரனைக் கறை வேட்டியோடுதான் தூக்கினேன்.

முதல் தடவை போகிறவர்கள் பஸ் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நெய், ஊறுகாய், லேகியம் எல்லாம் இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டிக்குள். பவர் பேங்க், மாத்திரை, நகை கையில். இரண்டரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருங்கள். ஆட்டோக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது தூக்கு காலி. கையிலேயே கொண்டுவந்தோம், யாரும் நிறுத்தவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் மல்லிகா அதைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.