செங்கல் பிடித்த இடம்

எங்கள் வேனின் பக்கவாட்டில் 'எச்.ஐ.வி. சோதனை இலவசம்' என்று இரண்டடி உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். எழுதியவர் நன்றாக இருக்கட்டும். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அதை நிறுத்தினால் நாய்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். சோதனைக்கு வருகிறவர்களிடம் பேசி தைரியம் சொல்வது என் வேலை. இரண்டு மாதம் நான் டிரைவரிடம்தான் பேசினேன். அவர் தன் சர்க்கரையைப் பற்றியே பேசினார்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் வெளியே வரிசை. ஆள்தான் இல்லை. ஒரு ஹெல்மெட், ஒற்றைச் செருப்பு, காலி தண்ணீர் கேன், நீல பெயின்ட் பட்ட ஒரு செங்கல். ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடிப்பார்களே, அதே கதை. வைத்தவர்கள் எதிர் டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் ஹெல்மெட் என்று கத்துவேன், ஒருவர் வழி கேட்க வந்தவர் மாதிரி வருவார். என் நோட்டிலும் அப்படியே எழுதினேன். மேலதிகாரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

செங்கல் வைத்தவள், பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் சித்தாள். விரலில் ரத்தம் கொடுத்துவிட்டு, மேஸ்திரி கத்துகிறார் என்று முடிவுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள். முடிவு வந்தது. கிருமி இருப்பதாகக் காட்டியது. ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்து மாத்திரை ஆரம்பித்தால் எல்லோரையும்போல வாழலாம். அதை அவளிடம் சொல்ல வேண்டுமே. அவள் கொடுத்த எண்ணில் ஒரு கறிக்கடைக்காரர் எடுத்து, எத்தனை கிலோ என்றார்.

கட்டடத்துக்கே போய்த் தேடலாம். ஆனால் அந்த வேனிலிருந்து இறங்கி நான் ஒரு பெண்ணை விசாரித்தால், ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை வேன் அங்கே போனபோது வரிசையில் செங்கல் இல்லை. வேனுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். டிரைவரிடம் செங்கலைப் பார்த்தீர்களா என்றால், கட்டடத்து வாசலில் ஒரு லோடு இறங்கியிருக்கிறது என்று கை காட்டினார். வந்த ஆத்திரத்துக்கு இனி அவர் சர்க்கரைக் கதையை நான் கேட்கப்போவதே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திரும்பினால், கேனுக்கும் செருப்புக்கும் நடுவில் அவள் நிற்கிறாள். அந்த வரிசையில் நான் பார்த்த முதல் மனுஷி. எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"செங்கல் எங்கம்மா?"

"அத்த அடுப்புக்கு வெச்சிட்டேன் மேடம். அதான் நானே வந்துகீறேனே."

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். வெகுநேரம் தன் கையிலிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, மாத்திரை சாப்பிட்டால் வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாகப் போகலாம் என்றேன். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருவதாகவும், காலை எட்டு மணிக்குக் கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்படியும் சொன்னேன். தலையாட்டினாள். நான் நம்பவில்லை. கறிக்கடை எண்ணைக் கொடுத்தவள்தானே.

மறுநாள் ஏழரைக்கே போய்விட்டேன். பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அவள் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தன் சோற்றுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.