வீட்டுக்காரருக்கு ஏற்றிய டிரிப்ஸ்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் அவர் பெயரைக் கேட்டது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குப் பலமுறை கேட்டேன் என்பது வேறு விஷயம்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் சிஸ்டர். அவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் சாலையில் லாரிகள் துறைமுகக் கேட்டுக்குள் போக வரிசை கட்டிக் காத்துக்கிடக்கும். அப்படி ஒரு காத்திருப்பில், இறால் தொக்கு மணக்கிறதே என்று ரோட்டோரக் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். என் குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடிக்கிற நாக்கு, அந்தத் தொக்கு கெட்டுப்போனதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, கால் துவண்டு, கடைசியில் எங்கள் வார்டிலேயே வந்து படுத்தார். ரத்தத்தைப் பரிசோதித்ததில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது.

முதல் ஊசிக்கு முன்னால், "உங்க பேரு சொல்லுங்க" என்றேன்.

"இன்னாமே, வெளையாடுறியா? என் பேரு உனக்குத் தெரியாதா?"

"வார்டுல எல்லாருக்கும் இதே கேள்விதான். சொல்லுங்க."

"வூட்ல 'யோவ்', இங்க 'சொல்லுங்க'வா? அப்ப நான் இங்கயே இருந்துடறேன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, சிரிக்கக் கூடாது.

நான் விடவில்லை. "நீங்க இன்னார்தானே?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை. அதனால் பெயரை அவரவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். புருஷன் என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

பொட்டாசியம் என்றால் நான் இன்னும் கறார். அது குறைந்தாலும் இதயத்துக்கு ஆகாது, வேகமாக ஏறினாலும் ஆகாது. வேகமாக ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். மருந்துக் குப்பியை உடன் வேலை பார்க்கும் சிஸ்டரிடம் காட்டி, அவளும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் திறப்பேன். செலைன் பாட்டிலுக்குள் விட்டதும் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக உள்ளே போய்விடும். வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் மெஷின் எங்களிடம் ஒன்றுதான் உண்டு, அது ஐ.சி.யு.வில் வேறொருவரிடம் இருந்தது. ஆகவே பாட்டிலில் சீட்டு ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, குழாயில் இருக்கும் குட்டிச் சக்கரத்தை உருட்டி நிதானமாக வைத்தேன். இதை யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன்.

"மாட்டு வண்டிகூட இத வுட ஸ்பீடா போவும்" என்றார் அவர்.

மதியம் அவருடைய தோஸ்து வந்தார். அவரும் லாரிக்காரர்தான். துறைமுக வரிசையில் ஒருவர் அசந்து தூங்கிவிட்டால், இன்னொருவர் எழுப்பாமல் அந்த வண்டியையும் சேர்த்து முன்னால் நகர்த்தி வைப்பார். இடம் பறிபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குள் நட்பு. என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாத ரகசியங்கள்கூட அந்த மனிதருக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு பொறாமை உண்டு.

நான் கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரைக்கும் இவர் குரல் கேட்டது. கேட்டில் நடந்த சண்டை, டீசல் விலை, நடுவில் என் சமையல். திடீரென்று குரல் நின்றது. தூக்கத்தில்கூடப் பேசுகிற மனுஷர் அவர். திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தலைக்கு மேலே, சொட்டுச் சொட்டாக விழ வேண்டியது கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சக்கரத்தை மூடினேன். "யாரு இதத் தொட்டது?" என்று கேட்டது வாசல் வரை கேட்டிருக்கும்.

"நான்தான் அண்ணி" என்றார் தோஸ்து. "ரொம்ப மெதுவா ஏறிகினு இருந்திச்சு. லைன்ல வண்டிய நவுத்துற மாரி கொஞ்சம் முன்னால நவுத்தி வுட்டேன். இவனும் சீக்கிரம் வருவான், உனக்கும் வேலை முடியும்ல. இவன் பாக்கல, அவம்பாட்டுக்குப் பேசிகினு இருந்தான்."

டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். ஈ.சி.ஜி. வயர்களை மாட்டினேன். இவர் போய்விட்டால் வீட்டில் நான் யாரைத் திட்டுவேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

டாக்டர் ஈ.சி.ஜி.யை நிதானமாகப் பார்த்தார். உள்ளே போனது கொஞ்சம்தான், இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, ரத்தத்தை மறுபடி பார்த்துவிடலாம் என்றார். தோஸ்து சுவரோடு ஒட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு உங்க லாரிய நான் வந்து கொஞ்சம் நவுத்தட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம் அண்ணி" என்றார், நிஜமாகவே பயந்து.

அவரை அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"கை எரிஞ்சிருக்குமே?"

"நெருப்பு வச்ச மாரி இருந்திச்சு."

"அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல? ஊரு கதையெல்லாம் பேசுற."

அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதானமே போட்டது. எரியறதுதான் போலன்னு நெனச்சேன். நீ தப்பா போடுவியா?"

என்மேல் வைத்த நம்பிக்கையே அவரைக் கொன்றிருக்கும். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நான் போட்டாலும் சரி, எரிஞ்சா கத்தணும்."

"கத்துனா எல்லாரும் உன்னத்தான தப்பா பேசுவாங்க?"

"பேசட்டும்யா" என்றேன். "நீ வூட்டுக்கு வரணும் எனக்கு."