தப்புதாங்க தொரை

ஜப்பான்காரன் காலத்துல, மலாயாவுல பீடோங் பக்கம் எங்க எஸ்டேட்டுல, சட்டம்னா என்னன்னு கேட்டா தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணியத்தான் நாங்க காட்டுவோம். வெள்ளைக்காரத் தொரை ஓடினதும் ஆபீஸ் நாற்காலியில அவரு ஏறி உக்காந்துட்டாரு. புகார் சொல்றதும் அவரு, விசாரிக்கறதும் அவரு, தண்டிக்கறதும் அவரு. நல்லா இருக்குல்ல நியாயம்!

எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். தொரை முன்னால நிறுத்தினா, செஞ்சோமோ இல்லையோ, முதல்ல "தப்புதாங்க தொரை"ன்னு சொல்லிடணும். எதுத்துப் பேசினா அடி விழும், ஒத்துக்கிட்டா திட்டோட போயிடும்.

ஒரு நாள் ஸ்டோர்ல அரிசி மூட்டை காணாம போச்சு. கிராணி எங்கப்பாவக் கைகாட்டிட்டாரு. அந்தக் காலத்துல அரிசித் திருட்டுன்னா சும்மாவா? போலீஸ் வந்து பட்டணத்துக் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போச்சு. நானும் அம்மாவும் பின்னாலயே போனோம்.

மேல உக்காந்திருந்தவரு ஒரு மலாய்க்கார மாஜிஸ்ட்ரேட். வெள்ளைக்காரன் காலத்துலயும் அவருதானாம், சட்டமும் அதே பழைய சட்டந்தானாம். பக்கத்துல வாளோட ஒரு ஜப்பான் அதிகாரி. அரிசிய எடுத்தியான்னு தமிழ்ல எடுத்துச் சொல்ற ஆளு கேட்டு முடிக்கல, எங்கப்பா குனிஞ்சு "தப்புதாங்க தொரை"ன்னுட்டாரு. போச்சுடா! எனக்கு உசுரே போயிடுச்சு.

மாஜிஸ்ட்ரேட் அத எழுதிக்கல. பேனாவக் கீழ வச்சுட்டு, "உண்மையில நீ எடுத்தியா?"ன்னாரு.

"இல்லீங்க."

"அப்ப ஏன் தப்புன்னு சொன்ன?"

"தொரை கேட்டா அப்படித்தாங்க சொல்லுவோம்."

"நான் தொரை இல்ல. நீ எடுத்தேன்னு அவருதான் நிரூபிக்கணும்"னு சொல்லி, புகார் சொல்ல வந்து நின்ன கிராணியப் பாத்தாரு. பாத்த சாட்சின்னு ஒருத்தரும் இல்ல. வாள்காரன் முறைக்க முறைக்க, அப்பாவ விட்டுட்டாரு. யப்பா! குரல ஒசத்தாம ஒரு மனுசன் அப்படிப் பேச முடியும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். சாமி சன்னதியில கூட எனக்கு அப்படிப் புல்லரிச்சதில்ல.

மறுநாள் காலையில, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு. சயாம் காட்டுல ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஆள் ஏத்தறாங்க; அங்க போனவங்க திரும்பி வந்ததில்ல. கிராணி முதல்ல கூப்பிட்டது எங்கப்பா பேர.

"கோர்ட்டே விட்டுடுச்சேய்யா!"ன்னு அம்மா கத்துச்சு.

"அது கோர்ட்டு. இது ஆர்டர்"னாரு கிராணி.

அப்பா லாரியில ஏறினாரு. அழுத என்னப் பாத்து, "அழாத புள்ள. உங்கப்பன் திருடன் இல்லன்னு அவ்வளவு பெரியவரே சொல்லிட்டாரு"ன்னாரு. அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அதுக்கப்புறம் அப்பாவ நாங்க பாக்கவே இல்ல.