ரொம்பச் சின்ன உருண்டை எத்தனை?

போன வாரம் ஓசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அத்தனை பேரும் என்னைக் கண்டதும் மாயமாகிவிட்டார்கள். என் முகம் அழகு என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அதற்காக இவ்வளவு மோசமா?

என் அக்கா மகள் சரோஜா அந்த ஊரில் கிராம சேவிகையாகச் சேர்ந்து ஒரு மாசம் ஆகிறது. அந்தப் படிப்புக்கு அவள் மனுப் போட்டபோது முதலில் கேலி செய்தவன் நான்தான். 'ஊரார் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட ஒரு படிப்பா?' என்று இதே பக்கத்தில் எழுதினேன். வாசகர்கள் மறந்திருப்பீர்கள். அவள் மறக்கவில்லை!

இதிலேயே மேலே படித்தால் எங்கெங்கோ போகலாமாம் — மில்லில் தொழிலாளர் நலன் பார்க்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பங்களைக் கவனிக்கலாம், அனாதை விடுதி நடத்தலாம்... ஆனால் முதலில் இந்த ஊரில், பள்ளிக்கூட வயசு வராத குழந்தைகளுக்கு ஒரு பாலவாடி திறந்து காட்ட வேண்டும். அதற்கு இருபது குழந்தைகளாவது வேண்டும். மறுநாள் காலை மேலதிகாரியம்மாள் வருகிறார். குழந்தைகள் இல்லையென்றால் பாலவாடி வேறு ஊருக்குப் போய்விடும். சரோஜா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ அவள் அப்பா ஜாதகத்தோடு காத்திருக்கிறார்.

பட்டியலில் அதுவரை எத்தனை பேர்? பூஜ்யம்.

"மாமா, அந்தத் தொப்பியையும் தோல்பையையும் முதல்ல உள்ள வைங்க!" என்று ஓடி வந்தாள் சரோஜா. "அம்மை குத்த வந்த ஆளுன்னு நினைச்சிட்டாங்க."

வெறுந்தலையோடு அவள் பின்னால் போனேன். முதல் வீட்டில் முனியம்மா கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" நான்தான் முந்திக்கொண்டேன்.

"பிள்ளைங்களே இல்லீங்க சாமி."

உள்ளேயிருந்து வரிசையாக மூன்று தும்மல்!

சரோஜா என் விலாவில் இடித்தாள். "எண்ணிச் சொன்னா பிள்ளைங்களுக்குக் கண்ணு பட்டுடும்னு யாருமே சொல்லமாட்டாங்க மாமா. கொஞ்சம் சும்மா இருங்க."

முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "குடுங்கக்கா" என்று சல்லடையை வாங்கிக்கொண்டாள். தமிழும் தெலுங்குமாகப் பேச்சு எங்கெங்கோ போயிற்று. மாடு, மழை, மாமியார்... கடைசியில் சாவகாசமாகக் கேட்டாள்:

"சாயங்காலம் களி எத்தனை உருண்டை பிடிப்பீங்கக்கா?"

"பெருசு மூணு, சின்னது நாலு," என்றாள் முனியம்மா, பெருமையாக.

"அதுல ரொம்பச் சின்னது?"

"ரெண்டு. அதுலயும் ஒருத்தன் பாதியத் துப்பிடுவான், களவாணி!"

வெளியே வந்ததும் சரோஜா ரிஜிஸ்டரில் இரண்டு என்று எழுதினாள்.

"இதையெல்லாமா டிரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க?"

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி கூட உக்காந்து வேலை செய்யச் சொன்னாங்க மாமா. உருண்டை என் சொந்தச் சரக்கு."

ஊருக்கு யோசனை சொல்ல என்னைப்போல ஆயிரம் பேர் இருக்கிறோம். கூட உட்கார்ந்து மாவு சலிக்கத்தான் ஆள் படித்து வர வேண்டியிருக்கிறது. அன்று நானும் இரண்டு வீட்டில் சலித்தேன். மாவில் பாதி என் மீசைக்குப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் ரொம்பச் சின்ன உருண்டைகள் இருபத்துமூன்று!

ஆனால் உருண்டைகள் காலையில் நடந்து வருமா? எனக்குச் சந்தேகம்தான். விடிந்ததும் முனியம்மாதான் முதலில் வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "களை எடுக்கப் போறேன் கண்ணு, பாத்துக்கோ." அப்புறம் தெருவே வந்தது. அதிகாரியம்மாள் ஜீப்பை விட்டு இறங்கியபோது இருபத்துமூன்று குரல்கள் ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தன. என் காதுக்கு அது நாதஸ்வரம்.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு வருஷம் இங்க வேலை பாரும்மா. மேல்படிப்புக்கு மெட்ராஸுக்கு நானே எழுதறேன்."

'ஜாதகத்தை மடித்து வைக்கவும்' என்று அக்காவுக்குத் தந்தி அடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் அதிகாரியம்மாள் என்னைக் கவனித்தார். என் மடியில் ஒரு குழந்தை, மேல்துண்டில் இன்னொன்று.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"பத்திரிகையில எழுதறேங்க."

"அதுக்கு ஏதாவது டிரெயினிங் உண்டா?"

"இல்லீங்க."

"அதானே!" என்றார்.