இரண்டு வரிசை மண்கல்

சுயிலிங் கல்யாணமாகி ஹெய்துதாய் கிராமத்துக்கு வந்த முதல் வருஷம், எட்டாம் மாச நிலா அப்பத்துக்குப் பிசைந்த மாவில் சோடாவைத் தாராளமாகப் போட்டுவிட்டாள். பதினைந்து கிலோ மாவு. ஊர்ப்பொதுச் சூளையடுப்பிலிருந்து முதல் தட்டு வெளியே வந்தபோதே மஞ்சள் பூத்து, கசப்பு வாடை வீசியது. வீட்டில் மாமியார் கூடையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் அடுத்து நின்றவள் யின்ஹுவா. "போய் அந்த வாளியில தண்ணி கொண்டா, புள்ள" என்று அனுப்பினாள். தண்ணீரோடு திரும்பியபோது கூடை கட்டித் துணி போர்த்தி இருந்தது. வீட்டுக்குப் போனதும் மாமியார் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, மருமகளுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சுயிலிங் மேல் அடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஊரில் எந்த வீட்டு அப்பம் எது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புக் குறி உண்டு. அவர்கள் வீட்டுக்கு இரட்டைப் பொட்டு. அப்பத்தின் மேல் இரட்டைப் பொட்டுத்தான் இருந்தது, ஆனால் சாயம் காயாமல் விரலில் ஒட்டியது.

யின்ஹுவா வீட்டில் அந்த வருஷம் பத்தாம் மாசம் வரைக்கும் கசப்பு அப்பம் தின்றார்கள். சோடா தன் கையால்தான் கூடிப்போச்சு என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

அப்படித்தான் இருவரும் அக்கா தங்கை ஆனார்கள்.

யின்ஹுவாவின் புருஷன் மான்சாங் கொத்தன். நல்ல கொத்தன். அவன் எழுப்பிய சுவரில் தூக்குகுண்டு விட்டுப் பார்த்தால் நூல் அசையாது. அவனிடம் இருந்த ஒரே குறை, யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஊரில் பாதி வீடு அவன் கை பட்டது. அவன் குடும்பம் மட்டும் அண்ணன் முற்றத்தின் ஓரத்தில், வடக்கே பார்த்த ஒற்றை அறையில் இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத அறை. மத்தியானத்தில் ஊசி கோர்க்கவும் விளக்கு ஏற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளை அந்த இருட்டில்தான் பெற்று வளர்த்தாள் யின்ஹுவா.

அண்ணன் வீட்டுக்கு மேற்கே மான்சாங்குக்கு ஒரு மனை இருந்தது. முதல் வருஷம் அஸ்திவாரம் போட்டார்கள். அடுத்த வருஷம் அறுத்துக் காயவைத்த மண்கல்லை, மருமகள் வரப்போகிறாள், வீடு இல்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு மான்சாங் தூக்கிக் கொடுத்துவிட்டான். மூன்றாம் வருஷம் அறுத்த கல்லை மழை கரைத்தது. அஸ்திவாரத்துக்குள் கீரை முளைத்தது. யின்ஹுவா அதைப் பிடுங்கிக் குழம்பு வைத்து, "சாப்பிடு, நம்ம புது வீட்டுல வெளஞ்சது" என்று புருஷன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

நாலாம் வருஷம் அவளே கோடையெல்லாம் வைக்கோலும் மண்ணும் மிதித்தாள். சுயிலிங்கும் கூட மிதித்தாள். ஏழாம் மாசக் கடைசியில் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. அப்போது யின்ஹுவா புருஷனிடம் ஒன்று கேட்டாள். சொன்ன அளவுக்கு மேல் இரண்டு வரிசை கல் கூட்டிக் கட்டு, ஜன்னலை உயரமாக வை, பனிக்காலத்து வெயில் சூட்டுமேடை வரைக்கும் வந்து விழட்டும் என்று. அடுப்புப் புகை அடியில் ஓடிச் சுடும் அந்த மண்மேடையில்தான் எல்லாரும் உட்காருவதும் படுப்பதும். அதன்மேல் வெயிலும் விழுந்தால் போதும், ஆயுசுக்கும் வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்றாள். மான்சாங் தலையாட்டினான். ஆசாரியும் அதற்கேற்ப உயரமான ஜன்னல் சட்டம் செய்து கொடுத்தார்.

அவசரம் இருந்தது. பத்தாம் மாசம் பிறந்தால் அங்கே பூமி உறைந்து இறுகிவிடும். அதற்குள் விட்டம் ஏறி, கூரை மண் பூசி, சூட்டுமேடை கட்டிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு பனிக்காலமும் அந்த இருட்டறைதான். நாள் பார்க்கிறவர் எட்டாம் மாசம் பன்னிரண்டு என்று குறித்துக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.

பத்தாம் தேதி சூளையடுப்பில் இருவருக்கும் ஒரே நாளில் முறை வந்தது. யின்ஹுவா விட்டம் ஏற்ற வருகிறவர்களுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு மாவு கொண்டுவந்திருந்தாள். ஆளிவிதை எண்ணெய் வாசனை தெருமுனை வரை போனது. அவள் விறகு எடுக்கப் போயிருந்த நேரத்தில் வரிசையில் நின்ற பெண்கள் புது வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். சுயிலிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா வீட்டு ஜன்னல் மாதிரி இந்த ஊரில் கிடையாது, ரெண்டு வரிசை கூட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாள். பின்னால் மாவுக்கூடையோடு நின்றவள் மான்சாங்கின் அண்ணன் மனைவி. அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஆண்கள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். விட்டத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தது. யின்ஹுவா கொதிக்கிற எண்ணெயில் பனிவரகுப் பணியாரம் போட்டுக்கொண்டிருந்தாள். விட்டம் ஏறுகிற நாளில் அது பொன் மாதிரி பொரிந்து வரவேண்டும். வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைச் சுயிலிங் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது மான்சாங்கின் அண்ணன் மான்துன் ஒரு நீளக் கழியோடு வந்தார். தன் வீட்டு முகட்டை அளந்தார். வந்து இந்தச் சுவரை அளந்தார். கழியைக் கீழே போட்டுவிட்டு, ஏணியில் ஏறி, விட்டத்தின் முனை வந்து உட்காரவேண்டிய பள்ளத்தில் தான் உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆசாரிதான் முதலில் பேசினார். "மண்கல்லு மேல இன்னொரு மண்கல்லு ஒக்காந்திருக்கு. இதை எந்த வரிசையில சேக்குறது?"

சிரிப்பு எழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"தம்பி, உன் முகடு என் முகட்டுக்கு மேல ஒரு சாண் நிக்கப்போவுது. மேக்கத்த வீடு கெழக்கத்த வீட்டுக்கு மேல தலை தூக்கலாமா? பாவ்ஜூ பூமிக்கு அடியில வேலை செய்யுறான்டா."

சிரிப்பு அடங்கிவிட்டது. பாவ்ஜூ அவருடைய ஒரே மகன், நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். கிழக்கு வீட்டில் நாகம் படுத்திருக்கிறது, மேற்கில் புலி, புலி எழுந்து நின்றால் கிழக்கு வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வந்திருந்த பதினெட்டுப் பேரில் பாதிப்பேர் வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் சுரங்கத்தில் இருந்தார்கள். நம்புகிறவனும் நம்பாதவனும் தரையைப் பார்த்தார்கள்.

யின்ஹுவா கரண்டியோடு எழுந்து வந்தாள். பிள்ளைகள் கூப்பிடுகிற முறையில்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"பெரியப்பா, பதினோரு வருஷமா பட்டப்பகல்ல வெளக்கு ஏத்திக்கிட்டிருக்கேன். ரெண்டு வரிசை வெளிச்சம் கேட்டேன். உங்க குடும்பத்துல வந்து வேற என்ன கேட்டிருக்கேன், சொல்லுங்க."

"நீ கேட்டது தப்பில்லம்மா" என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு. "ஆனா நான் எறங்கமாட்டேன்."

மான்சாங் தூக்குகுண்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். அவனுக்கு முன்பே தெரியும், முகடு கூடும் என்று. மனைவியிடம் சரி என்று சொன்ன மாதிரியே அண்ணனிடமும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். பெரியவரைக் கைபிடித்து இறக்க யாரும் துணியவில்லை. வயசில் மூத்தவரை எப்படித் தொடுவது. நிழல் சுருங்கி, மத்தியானம் கடந்தது. குறித்த நேரம் போனது. விட்டத்துக்கென்று சுட்ட பணியாரத்தை வீணாக்கக்கூடாது என்று யின்ஹுவா எல்லாருக்கும் பரிமாறினாள். கயிற்றில் கட்டி மேலேயும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். அவர் தின்று முடித்து, பதமாக வந்திருக்கிறது என்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கட்டிய துணியால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சுயிலிங் தேடிப்போய், அடுப்புக் கொட்டகையில் தான் உளறியதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் சாமி முன்னால் ஊதுபத்தி ஏற்றக் கை வராது அவளுக்கு. யின்ஹுவா வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சுவரு என்ன மடியில கட்டி மறைக்கிற பொருளா? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தெரியும். நீ சொல்லாம இருந்திருந்தா விட்டம் ஏறின பெறகு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் தேய்த்தாள். "ஏறின பெறகு தெரிஞ்சிருக்கலாம். போ, போயி புருஷனுக்குச் சோறு போடு."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் சுயிலிங் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பதினைந்தாம் தேதி நிலா ஏறியபோது ஒரே முற்றத்தில் இரண்டு குடும்பமும் மேசை போட்டது. நிலாவுக்குப் படைத்த பெரிய அப்பத்தை, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக வெட்ட வேண்டும். வெளியூரில் இருப்பவனுக்கும் ஒரு துண்டு உண்டு, அது அவன் வரும்வரை ஜாடியில் இருக்கும். வருஷா வருஷம் வெட்டுவது யின்ஹுவாதான், அவள் கை சரியாக வெட்டும். அப்பம் வாங்க வந்த சாக்கில் சுயிலிங் கதவோரம் நின்று பார்த்தாள். யின்ஹுவா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கத்தியை வைத்து எண்ணினாள், வெட்டினாள், பாவ்ஜூவின் துண்டைத் தாளில் சுற்றிப் பெரியவரின் மனைவி கையில் கொடுத்தாள். "இருமல்னு எழுதியிருந்தானே, சளிக்கு ஏதாச்சும் வாங்கிச் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் அவளே ஏணி போட்டு ஏறி, மேல் இரண்டு வரிசையைப் பெயர்க்கத் தொடங்கினாள். மான்சாங் ஓடிவந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்துவிட்டு இறங்கி, அவனோடு ஒன்பதாம் மாசம் வரை பேசவில்லை. ஜன்னல் சட்டத்தை ஆசாரி தூக்கிப்போய் மேல்கட்டத்தை அறுத்துவிட்டுக் கொண்டுவந்தார். அறுத்த துண்டை யாரும் சொல்லாமலேயே யின்ஹுவா அடுப்பில் வைத்தாள்.

தெய்வம் முகட்டு உயரத்தை அளந்து பார்த்துத்தானா கோபப்படும் என்று சுயிலிங் அந்த நாட்களில் நிறைய யோசித்தாள். மகனை நினைத்துப் பயப்படுகிற மனுஷனைத் தெய்வமும் அதட்டாது, மனுஷன் எப்படி அதட்டுவது என்று தோன்றும். உடனே யின்ஹுவாவின் முகம் நினைவுக்கு வரும். அவள் பக்கமும் நியாயம் இருந்ததே, அதற்கு எந்தச் சாமி பதில் சொல்லும் என்று தோன்றும்.

அடுத்த நல்ல நாள் பதினொரு நாள் கழித்துத்தான் இருந்தது. அதற்குள் உருளைக்கிழங்கு தோண்டும் வேலை வந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. ஒருவன் வந்தால் இன்னொருவன் இல்லை. பிறகு மழை. விட்டம் ஏறியது ஒன்பதாம் மாசம் பாதியில், ஏழு பேர் சேர்ந்து தூக்கி, பணியாரம் இல்லாமல். கூரைக்கு மண் பூசிய மூன்றாம் நாள் உறைபனி விழுந்தது. பூச்சு கண்ணாடி மாதிரி இறுகி, வெயில் பட்டதும் பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. சூட்டுமேடையை எத்தனை விறகு வைத்து எரித்தும் ஈரம் போகவில்லை, சுவரெல்லாம் வியர்த்தது. கடைசியில் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு பழைய இருட்டறைக்கே திரும்பினார்கள். யின்ஹுவா விளக்குக்குத் திரி போட்டாள்.

வசந்தத்தில்தான் குடிபோனார்கள். தலை தட்டும் வாசல், சின்ன ஜன்னல். பனிக்கால வெயில் ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு முழம் விழுந்து, சூட்டுமேடையைத் தொடாமல் போய்விடும். விடுமுறைக்கு வந்த பாவ்ஜூ சித்தியைப் பார்க்கக் குனியாமல் நுழைந்து, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். நன்றாக வீங்கிவிட்டது. யின்ஹுவா எண்ணெய் தடவி விட்டுக்கொண்டே, "ஒன்னைக் காப்பாத்தத்தான்டா இவ்ளோ தாழ்வா வச்சோம்" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சுயிலிங்குக்கும் தெரியவில்லை.

அந்த வருஷமே சுயிலிங்கின் புருஷனுக்கு ரயில் வேலையில் ஊர் மாற்றம் வந்தது. நகரத்துக்குப் போய்விட்டாள். ஆனாலும் எட்டாம் மாசம் அப்பம் சுடும் நாளுக்கு எப்படியாவது வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்தே பிசைவார்கள். வீட்டுப் பேச்சு வந்தால் யின்ஹுவா ஏதாவது கேலி சொல்லிக் கடத்திவிடுவாள். மான்சாங் மட்டும் வருகிறவர்களிடம் சுவரைத் தட்டிக்காட்டி, பத்தொன்பது வருஷமாச்சு, ஒரு கீறல் உண்டா பார் என்பான். கீறல் இல்லைதான்.

கடைசியாகப் போனபோது யின்ஹுவாவுக்கு உடம்பு மெலிந்திருந்தது. இருமல் வந்தால் அடங்க வெகு நேரமாகும். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், மான்சாங்கை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, வண்டி நிற்கும் இடம் வரை அப்பக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டி தூரத்தில் தெரிந்தபோது சுயிலிங்கின் கையைப் பிடித்தாள். சாதாரணமாகக் கை பிடிக்கிறவள் அல்ல.

"அந்த வீட்டுல ஒருநாள்கூட எனக்கு மனசு நெறையல, புள்ள. அவருகிட்ட சொல்லிராத. நல்லாக் கட்டிக் குடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்காரு, அப்படியே இருக்கட்டும். வண்டி வந்துருச்சு, ஏறு."