லாச்சிக்குள் கிடந்த வலை

கைதிகளுக்குத் தொழில் பழக்க வேண்டும் என்கிறது சட்டம். அதன்படி சிறைச்சாலைக்கு வாரம் ஒருநாள் தையல் படிப்பிக்கப் போனேன். அங்கே புனர்வாழ்வுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு நித்திரை காணாத கண்கள். கதைக்கும்போதெல்லாம் மேசை லாச்சியை மெல்லத் திறந்து மூடுவார்.

என் வகுப்பில் குருநகர் மீனவர் ஒருவர் சட்டை தைக்காமல், தையல் நூலைத் திரித்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து அதை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவருடைய அறைக்குப் போய், "அவருக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே, சேர்?" என்றேன்.

"ஓம் ரீச்சர். ஆனா உள்ளுக்கை கயிறு வைச்சிருக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்."

லாச்சியைத் திறந்தார். உள்ளே பழைய வலைத்துண்டு ஒன்று கிடந்தது.

"உதுவும் அவர் பின்னினதுதான். போனமுறை விடுதலையாகேக்கை திருப்பிக் குடுத்தனான். 'வைச்சிருங்கோ சேர், வந்து முடிக்கிறன்' எண்டு மேசையிலை வைச்சிட்டுப் போனவர்."

அதிகாரி சிரிக்கவில்லை. புதிய துண்டைப் பழையதன்மேல் வைத்து லாச்சியை மூடினார்.

கைதிகள் கைவிட்டுப் போன பொருட்களை எரித்துவிட வேண்டும் என்றும் அங்கே ஒரு விதி இருந்தது. எல்லா விதிகளையும் மனப்பாடமாய்ச் சொல்கிற மனிதர், அதை மட்டும் ஏன் மறந்தார் என்று நான் கேட்கவில்லை.